முத்திரை வைத்த அடுப்பு

இக்குடும்பத்தின் நிலவரம் வாசக அன்பர்களுக்கு மறந்திருக்காது என்று நம்புகிறேன். ஆயினும் இந்த வாரம்தான் முதன்முறையாக இப்பக்கத்தைப் புரட்டுவோர் எவரேனும் இருக்கக்கூடும். அவர்கள் பொருட்டு இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்ல அனுமதி வேண்டுகிறேன்.

போர் தொடங்கி நெடுநாளாகிவிட்ட ஒரு சிறிய ஊர். அதன் மேட்டுத் தெருவில் ஒரு ரொட்டிக்கடை. கடையை நிறுவியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் போர்முனையில் இருக்கிறான். ஆகவே கடையையும் அடுப்பையும் நடத்தி வருபவள் மூத்த மகள். ஊரார் அவளை 'மூத்தவள்' என்றே குறிப்பிடுவர். அவளை மணந்து அவ்வீட்டிலேயே தங்கிவிட்டவர் இன்றும் ஊருக்கு 'மாப்பிள்ளை'தான். மாப்பிள்ளையின் தமக்கையார் நகரசபைத் தலைவி. பங்கீட்டுச் சீட்டுகள் யாவும் அந்த அம்மையாரின் கைவழியே செல்வதால், அவர் காதில் விழாத தூரத்தில் அவருக்குக் 'கூப்பன் மகாராணி' என்று ஒரு பட்டம் உண்டு.

விறகுப் பஞ்சத்தை முன்னிட்டு, வாரத்தில் இரண்டு நாள் எந்தக் கடையிலும் அடுப்பு எரியலாகாது என்று நகரசபை விதித்திருந்தது. 'அணைப்பு நாள்' என்பது அதன் சட்டப்பெயர். "மனுஷனுக்கு லீவு கிடையாது, அடுப்புக்கு லீவாம்!" என்பது வரிசையில் நிற்போரின் உரை.

மூத்தவளின் அடுப்போ பழைய செங்கல் வளைவு அடுப்பு. முழுவதும் ஆறிவிட்டால் வளைவு பிளந்து இறங்கிவிடும். மறுபடி கட்டுவதற்கு இன்று செங்கல்லும் கிடையாது. கட்டத் தெரிந்த கைகளும் போருக்குப் போய்விட்டன. ஆகவே அணைப்பு நாட்களில், மாவுத் தொட்டிக்குப் பின்னால், அடுப்பை ஒட்டிய சுவரிலிருந்த சிறு மாடத்தில், சாம்பலால் மூடிய தணலை அவள் ஒளித்துக் காத்து வந்தாள். அந்த மாடத்தை அறிந்தவர்கள் ஊரில் இருவரே என்பது அவள் நம்பிக்கை. ஒருத்தி அவள், மற்றவர் அவள் கணவர்.

இனி, அணைப்பு நாளாகிய அந்தப் புதன்கிழமை.

*

காலையில் மாப்பிள்ளை, பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து அணிந்துகொண்டார்.

"மாவுக் கிடங்கு வரைக்கும் போயிட்டு வரேன். க்யூ நீளமா இருக்கும்."

"கிடங்குக்கா இந்தச் சட்டை? வரும்போது யாருன்னே தெரியாது, மாவுப் பொம்மை மாதிரி வருவீங்க."

"ஒரு நாளாவது மனுஷன் மாதிரி தெருவுல நடக்கறேனே."

அவள் சிரித்தாள். கழுத்துப் பொத்தான் இறுக்கமாக இருந்ததால் அவருக்குச் சிரமமாயிருந்தது. அவளே அதைப் போட்டுவிட்டு, தோளைத் தட்டி அனுப்பினாள்.

அவர் சென்று சிறிது நேரத்திற்கெல்லாம் எரிபொருள் ஆய்வாளர் வந்தார். மூக்கைச் சற்றே உயர்த்திக்கொண்டு கடைக்குள் நுழையும் பழக்கம் இருந்தமையால், 'மோப்பம்' என்ற பெயர் அவருக்கு நிலைத்திருந்தது. இன்று அவருடன் இரண்டு ஆட்களும், மண் நிரம்பிய வாளியும், அரக்கும் வந்திருந்தன.

"வாங்க சார். அணைப்பு நாள்ல வந்திருக்கீங்க. பேச்சு மட்டும்தான் சூடா கிடைக்கும்."

"பேச்சுக்கு இன்னும் கட்டுப்பாடு வரலைம்மா. வந்தா முதல்ல உங்க கடைக்குத்தான் வருவேன்."

வழக்கமாக அவர் அடுப்பின் வாயில் கையை நுழைத்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். இன்று அடுப்பின் வாயை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மாவுத் தொட்டியின் அருகே சென்று நின்றார்.

"இதைக் கொஞ்சம் நகத்துங்கப்பா."

"சார், அதுல மாவு இருக்கு. எலிக்குப் பயந்து சுவரோட ஒட்டி வெச்சிருக்கோம்."

"நான் தேடறது எலி இல்லைம்மா."

தொட்டி நகர்ந்தது. இரும்புக் கம்பியால் அவர் சாம்பலைக் கிளற, உள்ளே தணல் செக்கச் சிவந்து கிடந்தது. ஆய்வாளரின் முகத்தில் வெற்றியின் அறிகுறி ஏதும் இல்லை என்பதை அவருக்கு நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

"எத்தனை தடவை வந்திருப்பேன்! என் மூக்கை அறுத்து எறியணும்."

"இன்னிக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

அவர் குனிந்து அரக்கை உருக்கும் வேலையில் ஈடுபட்டார். "அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. மத்தியானம் சபை கூடுது. வந்து உங்க பக்கத்து நியாயத்தைச் சொல்லுங்க."

மண்ணைக் கொட்டித் தணலை அணைத்தார்கள். அடுப்பின் வாய்க்குக் குறுக்கே நாடா கட்டி, இரு முனைகளிலும் அரக்கு முத்திரை வைத்தார்கள். போகும்போது அவர் தண்ணீர் கேட்கவில்லை.

*

யார் சொல்லியிருப்பார்கள்?

கடையின் வெளிச்சுவர் எப்போதும் இளஞ்சூடாகவே இருக்கும். ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் முதுகைச் சாய்த்துக்கொள்வது அச்சுவரில்தான். அணைப்பு நாளிலும் அது சூடாக இருந்தால் அவர்களுக்குத் தெரியாமலா போகும்?

அடுத்த வீட்டுத் தையற்கார அம்மாள் வாசலுக்கு ஓடி வந்தார். வாயில் குண்டூசிகள்.

"என்னடி, மோப்பம் வாளியும் கையுமா போறான்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்கதானே சொன்னீங்க?"

"எதை?"

"போன வாரம் என் சுவர்ல சாய்ஞ்சுக்கிட்டு, 'லீவு நாள்லகூட உன் அடுப்புக்கு ஜுரமா'ன்னு கேட்டுச் சிரிச்சீங்களே. உங்களைத் தவிர யாரு?"

தையற்கார அம்மாள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார்.

"ஆமா, சிரிச்சேன். என் முதுகு வலிக்கு அந்தச் சுவர்தான் வைத்தியம். வைத்தியரைப் பிடிச்சுக் குடுக்க நான் என்ன பைத்தியமா?"

மூத்தவள் தலைகுனிந்தாள்.

"தெருவே அங்கே சாய்ஞ்சு நின்னுச்சுடி. ஒருத்தி வாயைத் திறக்கலை. திறந்திருந்தாலும் சுவர் சுடுதுன்னுதான் சொல்லியிருக்க முடியும். அந்த மோப்பம் உள்ளே வந்ததும் எங்கே போனான்? தேடினானா, இல்லை நேரா போனானா? அதை யோசி. அப்புறமா வந்து என்னைத் திட்டு."

மூத்தவள் யோசிக்கவில்லை. ஒரு பக்கமாகச் செல்லவிருந்த எண்ணத்தை வேறு பக்கம் திருப்பிவிட அவள் மிகவும் பாடுபட்டாள் என்பதே உண்மை.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நான் சபைக்குப் போறேன். அண்ணி இருக்காங்க, விட்டுக் குடுக்க மாட்டாங்க."

"கூப்பன் மகாராணியா? அவங்க நிழல் கூட வரணும்னாலும் கூப்பன் கேப்பாங்க. போயிட்டு வா."

*

நகரசபை மண்டபத்தின் இரும்பு வேலியை உலோகத்துக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கூட்டம் தொடங்க அடிக்கும் மணியும் அவ்வழியே சென்றுவிட்டபடியால், சேவகர் வாசலில் நின்று கைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நடைகூடத்தில் நாத்தனாரை மூத்தவள் மறித்தாள். அம்மையாரின் சால்வையில் ஒட்டுப்போட்டிருந்தது. ஊருக்கு வந்த கம்பளித் துணியில் ஒரு முழம்கூட அவர் தமக்கென எடுத்ததில்லை. அதை அவரை வெறுப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

"அண்ணி, வளைவு ஆறிக்கிட்டு இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஒரு கூடைத் தணலாவது போட்டாத்தான் நிக்கும்."

"ஆஸ்பத்திரியில தண்ணி கொதிக்க வைக்க விறகு இல்லை. நேத்து ஒரு பிரசவம். பச்சைத் தண்ணியில கையைக் கழுவிட்டுப் பார்த்தாங்க. உன் வளைவு பெருசா, அது பெருசா? நீயே சொல்லு."

அந்தக் கேள்வியை மூத்தவள் தன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சாம்பலை இன்னும் கொஞ்சம் அள்ளிப்போட்டு மூடியிருக்கிறாள்.

அம்மையார் குரலைத் தணித்தார். "பயப்படாதே. தண்டனை கிண்டனை ஒண்ணும் வராது. நம்ம வீட்டு ஆளுக்குக் குறை வர விடுவேனா? எல்லாம் பேசி முடிச்சாச்சு."

அவ்வார்த்தையைப் பற்றிக்கொண்டு, மூத்தவள் உள்ளே சென்று பின்வரிசையில் அமர்ந்தாள்.

ஆய்வாளர் தமது அறிக்கையைத் தரையைப் பார்த்தபடி கூறினார். பிறகு மூத்தவள் எழுந்தாள்.

"தப்புதான். ஆனா ரொட்டி சுட நான் எரிக்கலை; அடுப்பு விரிசல் விடாம இருக்கத்தான் தணல் வெச்சேன். எங்க அடுப்பு போயிடுச்சுன்னா மேட்டுத் தெருவுக்கு ரொட்டி எங்கேயிருந்து வரும்? அபராதம் போடுங்க. முத்திரையை மட்டும் எடுத்துடுங்க."

"நியாயம்தானே?" என்றார் வயதான உறுப்பினர் ஒருவர். இரண்டொருவர் தலையை ஆட்டினர். மூத்தவளுக்கு மூச்சு வந்தது.

தலைவி எழுந்தார்.

"மேட்டுத் தெருவுக்கு ரொட்டி இல்லாம போகாது. பழைய பள்ளிக்கூடத்துல நாளையிலேருந்து பொது அடுப்பு எரியப் போகுது. குறைஞ்ச விறகு, நிறைய ரொட்டி. முத்திரை வெச்ச கடையில இருக்கிற மாவு பூராவும் இந்த நிமிஷத்திலேருந்து பொது அடுப்பைச் சேர்ந்தது. அதுக்கு மேனேஜர் யாருங்கறதுல நான் வாயே திறக்கலை; அவர் என் சொந்தத் தம்பி. மத்த உறுப்பினர்கள்தான் முடிவு பண்ணினாங்க. ஏன் பண்ணினாங்க? தன் வீட்டு அடுப்புன்னு பார்க்காம, தானா வந்து, மாவுத் தொட்டிக்குப் பின்னாடின்னு இடத்தையும் சொன்னார். ஊருக்காகத் தன் வீட்டையே விட்டுக்குடுத்தவர்! இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு?"

முன்வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை எழுந்து நின்று சபையை வணங்கியது.

மண்டபம் கைதட்டியது. கட்டுப்பாடுகளாலும் தட்டுப்பாடுகளாலும் சலித்துப்போயிருந்த மக்களுக்கு, நல்லவர் ஒருவரைக் கண்ணால் காண்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையிலிருந்த முன்பின் அறியாத பெண்மணி, கண் கலங்க, மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் உங்க வீட்டுக்காரரா? குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

"ஆமாங்க" என்றாள் மூத்தவள்.

மேடையிலிருந்த நாத்தனார் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் மாறிற்று. தம்பி வீட்டில் சொல்லிவிட்டிருப்பான் என்றே அவர் நம்பியிருந்தார் என்பது தெளிவு. ஆயினும் அவர் சபையின் தலைவி. அடுத்த விஷயத்தை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்.

*

வேலி இழந்த படிக்கட்டில் மாப்பிள்ளை அவளை எட்டிப் பிடித்தார்.

"நீ இங்கே வருவேன்னு நான் நினைக்கலை."

"என் அடுப்புக்கு விசாரணை. நான் வராம?"

"சபைக்கு அக்கா பக்குவமா எடுத்துச் சொல்றேன்னாங்க."

"பக்குவமாத்தான் சொன்னாங்க. ஊரே கை தட்டிச்சு, கேக்கலையா?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. இருந்ததைத்தான் சொன்னேன்."

"காலையில பொத்தான் போட்டு விட்டேனே, அப்போ எங்கிட்டயும் இருந்ததைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை." அவர் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். "என்னைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து எல்லாமே உங்கப்பாவோடது. உங்கப்பா அடுப்பு, உங்கப்பா மாடம், உங்கப்பா உக்காந்த நாற்காலி. விறகுக்காரன்கூட என்னைப் பார்த்து 'மூத்தவங்க இல்லையா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறான். தலை நரைச்சும் நான் மாப்பிள்ளைதான். கல்யாண வீட்டை விட்டு இன்னும் வெளியே வரலை!"

இன்னொரு நாளாயிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"எப்படியும் சபை ஒரு நாள் மூடியிருக்கும். அவங்க மூடறதுக்கு முன்னாடி நாமளே முந்திக்கிட்டா நல்லதுன்னு..."

"நாமளா? அந்தக் கணக்குல என்னை எப்போ சேர்த்தீங்க?"

"உனக்கும் இடம் கேட்டிருக்கேன். ரொட்டி குடுக்கற ஜன்னல்ல."

"உங்களுக்குக் கீழே."

அவர் மிகவும் தயங்கித்தான் வேறொன்றைத் தொடங்கினார்.

"நாளைக்கு முதல் மாவு பிசையணும். ஈஸ்ட் எங்கேயும் கிடைக்கலை. நம்ம வீட்டுத் தாய்மாவு இருந்தாத்தான்..."

தாய்மாவு என்பது, நாள்தோறும் பிசைந்த மாவில் ஒரு கைப்பிடியை ஒதுக்கிப் புளிக்கவிட்டு, மறுநாள் மாவோடு கலப்பது. அவ்வாறு ஒதுக்கிய மாவுதான் புது மாவைப் பொங்கி எழச் செய்யும். அவள் தந்தை தொடங்கிவைத்த அந்தப் புளிப்பு ஒரு நாளும் அறுந்ததில்லை.

"சாடி எங்கே இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள் மூத்தவள். "இடம் காட்டறதுல கெட்டிக்காரராச்சே. மோப்பத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க."

திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

*

வீட்டை அடைந்ததும் அவள் அடுப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் அது எவ்வளவு ஆறிவிட்டது என்பது தெரிந்துவிடும். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சாடியை எடுத்து, ஈரத்துணியால் மூடி, பின்வாசல் வழியாகப் புறப்பட்டாள்.

கீழ்த்தெருவில் இன்னொரு ரொட்டிக்கடை உண்டு. அதன் உரிமையாளர் அவள் தந்தையின் பரம வைரி. இரு கடைகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது; எதிரே வந்தால் ஒருவர் வானத்தையும் மற்றவர் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு போவது வழக்கம். மறுநாளைக்காக மாவு பிசைந்துகொண்டிருந்த அப்பெரியவர், முழங்கை வரை மாவோடு வந்து கதவைத் திறந்தார்.

"உங்கப்பா இருந்திருந்தா, இந்தப் படியில கால் வெக்க உன்னை விட்டிருக்க மாட்டார்."

"அப்பா இருந்திருந்தா எனக்கு வர வேண்டியே இருந்திருக்காது ஐயா."

அவர் வழிவிட்டார். கதவைத் தாழிட்டுவிட்டுச் சாடியின் துணியை விலக்கி முகர்ந்தார்.

"அதே புளிப்பு! இதுல ஒரு கைப்பிடி கேட்டுத்தான் எங்களுக்குள்ள சண்டையே ஆரம்பிச்சுது. இப்போ பாரு, ஈஸ்ட் இல்லாம கல்லு மாதிரி ரொட்டி சுடறேன். வாங்கறவங்க தின்னறதா, வீடு கட்டறதான்னு கேக்கறாங்க."

"இது இன்னிக்கு எங்க வீட்டுல இருக்கக்கூடாது. ஏன்னு கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன். உன் அடுப்பு சமாசாரம் எனக்குப் போன மாசமே தெரியும்."

மூத்தவள் அவரைப் பார்த்தாள். "எது?"

"மாவுத் தொட்டிக்குப் பின்னாடி மாடம். உன் வீட்டுக்காரர் சபைக்குப் போறதுக்கு முன்னாடி இங்கேதான் வந்தார். 'போட்டிக்காரர் நீங்க புகார் குடுத்தா யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டாங்க'ன்னார். வெளியே போய்யான்னேன். உங்கப்பா எனக்கு எதிரிதான்மா. அதுக்காக அடுத்தவன் அடுப்பை அணைச்சு நான் குளிர் காயறதில்லை."

போன மாதம்.

போன மாதம்தான் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். அணைப்பு நாட்களில் எழுந்திருக்கவும் முடியாமல் கிடந்தவளை, "நீ படு, நான் பார்த்துக்கறேன்" என்று போர்வையை இழுத்துவிட்டவர் அவர். விடியும்வரை அருகிலிருந்து, தணலை அணையவிடாமல் சாம்பல் போட்டுக் காத்தவரும் அவரே. அந்தத் தணலின் வெதுவெதுப்பில், தனக்கு வாய்த்தவரைப் போல் யாருக்கு வாய்க்கும் என்று எண்ணியபடி அவள் உறங்கிப்போயிருந்தாள்.

மண்டபத்தில் அழாத அவள், அங்கே, அயலாரின் மாவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாயிருந்த பலகையை மறுபடி துடைத்தார்.

கதவு தட்டப்பட்டது.

"ஐயா, கொஞ்சம் திறக்கறீங்களா? என் வீட்டுக்காரி இங்கே வந்தாளா?" மாப்பிள்ளையின் குரல். அதைத் தொடர்ந்து, விருப்பமில்லாமல் வந்தவர் ஒருவரின் இருமல். "நான்தாங்க, எரிபொருள் ஆய்வாளர். சபைக்குச் சேர வேண்டிய மாவு ஒரு சாடியில இந்தப் பக்கம் வந்ததா இவர் புகார் குடுத்திருக்கார்."

ஒரே நாளில் இரண்டாவது புகார்.

பெரியவர் மூத்தவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்லட்டும்?"

அவள் அங்கிருந்த பிசையும் தொட்டியை நோக்கினாள். அதில் பெரியவரின் மாவு, எழும்பாமல் கனத்துக் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க ஐயா" என்றாள். சாடியைத் தூக்கினாள். அவர் தடுக்கவில்லை; சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

தந்தையின் புளிப்பு முழுவதையும் அவள் அந்த மாவின் மீது கவிழ்த்தாள். கைகளை முழங்கைவரை இறக்கி, அழுத்தி, மடித்து, மீண்டும் அழுத்திப் பிசைந்தாள். வெளியே மறுபடி தட்டினார்கள். எதிரே நின்ற பெரியவரும் கைகளை உள்ளே விட்டுப் பிசையத் தொடங்கினார். எது மேட்டுத் தெரு, எது கீழ்த்தெரு என்று பிரித்தறிய முடியாதபடி மாவு ஒன்றாகும்வரை இருவரும் நிமிரவில்லை.

பிறகு மூத்தவள் காலிச் சாடியை மேசை நடுவே வைத்தாள்.

"இப்போ திறங்க."